பதினொன்றின் வலது பக்கம்

முப்பது எண்ணும் வரை விரலை எடுக்கக் கூடாது என்று பசைக் குப்பியின் மேல் போட்டிருந்தது. சிங்கராயர் இருபத்து மூன்றில் தடுக்கி நின்றார். இருபத்து மூன்றா, இருபத்து நான்கா? அடுத்த அறையில் மனைவி ரெஜினாவின் தையல் மெஷின் ஓடி, நின்று, ஓடியதில் எண் நழுவிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த மெஷின் கல்யாணமான நாளிலிருந்து ஓடுகிறது, இத்தனை காலமும் எந்த எண்ணும் நழுவியதில்லை என்றும் சொல்லிக்கொள்ளலாம். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு பெட்டி. நகத்தை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். பேர் தப்பாக அச்சாகி வந்த பழைய ரேஷன் கார்டின் பிளாஸ்டிக்கை வெட்டி, மூன்று ஞாயிற்றுக்கிழமை குனிந்து உட்கார்ந்து செய்தது. மூடி உண்டு, கீல் உண்டு, பூட்டு மாட்டுகிற கொண்டி உண்டு. கொண்டி கடுகில் பாதி. அதை உள்ளங்கை நீளமுள்ள ஒரு எஞ்சினின் நடைபலகை மேல், இடது பக்கத்தில், அழுத்திப் பிடித்திருந்தார். இடது பக்கம். சுவரில் ஒட்டியிருந்த படத்தை இன்னொரு தடவை பார்த்தார். இடது பக்கம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அழுத்த அழுத்த, அது அங்கே இல்லை, அங்கே இல்லை என்று விரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

எஞ்சின் பிறப்பால் ஜெர்மன்காரன். பெங்களூரில் பொம்மை ரயில் சேர்க்கிற ஒருவர் கைமாற்றிக் கொடுத்தபோது சிவப்பு உடம்பும் வளைந்த கூரையுமாக, பனிப் பிரதேசத்து விறைப்போடு வந்து இறங்கியது. ஆறு மாதமாகச் சிங்கராயர் அதை அறுத்தும் ராவியும் செங்கரடு சிமெண்ட் ஆலையின் பதினொன்றாம் நம்பராக மாற்றிக்கொண்டிருக்கிறார். எக்ஸ்பிரஸ் இழுக்கிற எஞ்சின் இல்லை பதினொன்று. ஆலை மதிலைத் தாண்டாமல், சுண்ணாம்புக்கல் வேகன்களை முன்னே தள்ளி, பின்னே இழுத்து, வரிசை சேர்த்துவிட்டு ஓரமாக நிற்கிற ஷண்டிங் எஞ்சின். அதற்கு முன்னால் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் பிடித்து நடந்து, வேகனுக்கு வேகன் கொக்கி மாட்டி, சிங்கராயருக்குப் பதினேழு வருஷம். நம் ஊர் வெயிலுக்காகப் பட்டறையில் அதன் கூரையை ஒரு சாண் வெளியே நீட்டியிருந்தார்கள். அந்தச் சாணையும், பொம்மையின் அளவுக் கணக்குப்படி, எண்பத்தேழால் வகுத்து இங்கே நீட்டியாயிற்று. மோட்டாரில் சுற்றுகிற செம்புக் கம்பியில் கைப்பிடிகள். மூக்கில் மஞ்சளும் கறுப்புமாக, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சரியும் பட்டை. அதற்கு மட்டும் மூச்சை அடக்கி அடக்கி இரண்டு நாள். கேபின் சுவரில் வெள்ளையில் 11, வளைவு நெளிவு எதுவுமில்லாத இரண்டு நேர்கோடு. எல்லாம் சரியாக வந்தது. கூரையைப் பற்றிக் கைக்கும் படத்துக்கும் சண்டை இல்லை, பட்டையைப் பற்றி இல்லை, விளக்கைப் பற்றி இல்லை. இந்தப் பெட்டி ஒன்றில்தான். முப்பது. விரலை எடுத்தார். பெட்டி நின்றது. சாய்ந்திருந்த கொண்டியை நிமிர்த்துவதற்காக, அந்த நுனி கூரான, இரண்டு கால் சேர்ந்த, மணி கோக்கிறவர்களும் கடிகாரக் கடைக்காரர்களும் வைத்திருப்பார்களே, அதை எடுத்தார். அதன் பேர் வரவில்லை. இடுக்கி இல்லை. இடுக்கி பெரியது, அடுப்படியில் இருப்பது. இதற்கு வேறு பேர். நேற்று வரை வாயில் இருந்த பேர். கையில் பிடித்திருக்கிற சாமானுக்குப் பேர் தெரியாமல் ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தால் அதை என்னவென்று சொல்வது? வரட்டும், தேடக் கூடாது, தேடினால் இன்னும் உள்ளே போய் ஒளியும்.

நாளைக் காலை பத்தரைக்கு மதுரையில் நரம்பு டாக்டர். மகள் ஷீபா கோயம்புத்தூரிலிருந்தே போனில் நேரம் வாங்கிவிட்டாள். "சும்மா ஒரு செக்கப்தாம்ப்பா, இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்காதீங்க" என்றாள். சும்மா என்கிற சொல்லை அவள் இரண்டு தடவை சொன்னதை அவர் எண்ணிக்கொண்டார். எல்லாம் அந்த ஸ்கூட்டரால் வந்தது. போன மாதம் மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போய், காய் வாங்கி, பை இரண்டையும் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் வெயிலில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் காலையில் வண்டியைக் காணோம், களவு போய்விட்டது என்று தெருவையே கூட்டினார். மார்க்கெட் வாசலில், பூட்டுகூடப் போடாமல், அவர் நிறுத்திய இடத்திலேயே நின்றது வண்டி. எல்லோரும் சிரித்தார்கள், ரெஜினாவும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சைக்கிளை மளிகைக் கடை வாசலில் விட்டுவிட்டு நடந்து வந்தார். அப்போதும் எல்லோரும் சிரித்தார்கள், சிங்கராயரும் சிரித்தார். அப்பா பஞ்சாலையில் டைம் கீப்பர். முப்பத்து நான்கு வருஷம் சங்கு ஊதியவர், அவர் ஊதுவதை வைத்து ஊர் அடுப்பு மூட்டியது. அறுபத்தோரு வயதில் டாக்டர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பெரியவரே, ஒரு கடிகாரம் வரையுங்கள் என்றார். வட்டம் நன்றாகத்தான் போட்டார். பிறகு பன்னிரண்டு எண்ணையும் ஒரே பக்கத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக, பஸ்ஸில் பாதி சீட்டைக் காலியாக விட்டு மீதியில் நெருக்கி உட்கார்ந்தவர்கள் மாதிரி எழுதிவிட்டு, நிமிர்ந்து, "போதுமா சார்?" என்று கேட்டார். எழுதிய கையில் நடுக்கம் இல்லை. அதுதான். நடுக்கம் இல்லை, சந்தேகம் இல்லை. தான் போட்டது சரி என்று அப்பா அவ்வளவு உறுதியாக இருந்தார். அப்படியானால் உறுதி என்பதற்கு என்ன மதிப்பு? இந்தப் பெட்டி வலது பக்கம் என்று நான் உறுதியாக இருக்கிறேனே, அது எந்தக் கணக்கில் சேரும்?

பஸ் என்றதும் காலை வேலை ஞாபகம் வந்தது. ஆலை மூடியபிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் பொறுப்பு பார்க்கிறார். எட்டு பஸ். காலையில் பிள்ளைகள் இறங்கியதும் ஒவ்வொன்றிலும் ஏறி, கடைசி சீட்டு வரை போய், யாரும் தூங்கிக் கிடக்கவில்லை என்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவது அவர் வேலை. முன்பெல்லாம் ஒரு தடவை பார்ப்பார். இப்போது மூன்று. இறங்கி வந்து, பார்த்தோமா என்று சந்தேகப்பட்டு மறுபடி ஏறுவார். ஐந்தாம் நம்பர் டிரைவர் கேட்டே விட்டான்: "என்ன சார், சீட்டுக்கடியில தங்கம் எதும் விழுந்துருச்சா?" அவனிடம் சிரித்துவைத்தார். சாத்திய கண்ணாடிக்குள்ளே, பன்னிரண்டு மணி வெயிலில், ஒரு சின்னக் கை. வேண்டாம். அதை நினைக்கக் கூடாது. டாக்டர் நாளைக்கு ஏதாவது சொன்னால் முதல் வேலையாக அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு? எட்டு பஸ்ஸும் இல்லாத காலையில் எழுந்து என்ன செய்வது? பதினொன்றை மேஜையில் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருக்கலாம். மடியில் வைத்திருந்த அட்டையைத் திருப்பினார். பென்சிலில் ஏழு கடிகாரங்கள். பன்னிரண்டு மேலே, ஆறு கீழே, மூன்று ஒன்பது எதிரெதிர். நான்கு நாளாக, ரெஜினா பார்க்காத நேரத்தில், போட்டுப் பழகியது. பரீட்சைக்குப் படிப்பது தப்பா? ஆனால் பழகிப் பழகிச் சரியாகப் போட்டுவிட்டால், டாக்டர் நன்றாக இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டால், அது யார் நன்றாக இருப்பதாக ஆகும்? கடிகாரம் வரையப் பழகியவன்தானே. அந்த ஏழில் நான்காவதில் எட்டு கொஞ்சம் சரிந்திருந்தது. ஏன் சரிந்தது?

மறுபடியும் படம். செல்போனில் வந்ததைக் கடையில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, கண்ணுக்கு நேரே சுவரில் ஒட்டியிருந்தார். தொண்ணூற்றாறாம் வருஷத்து ஆயுத பூஜை. பதினொன்றுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, மூக்கில் சந்தனம் குங்குமம், உடம்பு முழுக்கச் சாமந்தி மாலை. ஆலையின் பெயர்ப்பலகை, கம்பெனித் தகடு எல்லாம் மாலைக்குள் முழுகிவிட்டன, 11 மட்டும் பளிச்சென்று வெளியே. முன்னால் மூன்று பேர். டிரைவர் ரஷீத் பாய், தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு. பிட்டர் கருத்தபாண்டி. ஓரத்தில் சிங்கராயர், இருபத்தெட்டு வயது, கையில் சுருட்டிய கொடி. ஆலையில் எடுத்த படங்களிலேயே இவர்களிடம் மிஞ்சியது இது ஒன்றுதான். கருத்தபாண்டியின் மகன் வீட்டைக் காலி செய்யும்போது பிலிம் சுருள் அகப்பட்டு, ஸ்கேன் போட்டு அனுப்பியிருந்தான். வந்த அன்று சிங்கராயர் அழுதே விட்டார். போட்டோவில் தன் முகம் எப்போதும் யாரோ தெரிந்தவன் முகம் மாதிரிதான் அவருக்குத் தோன்றும். இந்த ஒரு படத்தில் மட்டும், ஆச்சரியம், அவர் அவராகவே இருந்தார். தினமும் காலையில் சவரம் செய்கிற முகம், அப்படியே, முப்பது வருஷம் குறைவாக. அப்படிப்பட்ட படம் பொய் சொல்லுமா? படத்தில் எஞ்சினின் மூக்கு இடது கைப் பக்கம் நோக்கி நிற்கிறது. ஆக நமக்குத் தெரிவது இடது பக்கம். அந்தப் பக்கத்தில், ரஷீத் பாயின் இடுப்புக்குப் பின்னால், சாமான் பெட்டி. கண்ணை மூடிக்கொண்டு கூடத் தப்பு சொல்ல முடியாது. இது போதாதென்று பாய் கடிகாரத்தை வலது கையில் கட்டியிருக்கிறார். பாய் வலது கையிலா கட்டுவார்? எத்தனை ஆயிரம் தடவை அந்தக் கையைப் பார்த்திருப்பேன், ஜன்னலுக்கு வெளியே தொங்கும் முடி அடர்ந்த கை, அதில் இரும்புப் பட்டைக் கடிகாரம். இடது கை என்றுதான் நினைத்திருந்தேன். சரி, அதையும் மறந்திருக்கிறேன். பெட்டி ஒன்று, கடிகாரம் இரண்டு. இன்னும் எத்தனை போயிருக்கிறதோ, போனது தெரியாமலே.

பெட்டி எந்தப் பக்கம் இருந்தால் என்ன? கருத்தபாண்டி அப்படித்தான் கேட்டான், போன வாரம் போனில். "யோவ் ராயரே, உனக்கு வேற வேலையே இல்லையா? பதினொன்னு பேரீச்சம்பழத்துக்குப் போயி பதினஞ்சு வருஷமாச்சு. அதுக்குப் பெட்டி எடது பக்கமா வலது பக்கமான்னு நடுராத்திரியில காச்சல்காரனாட்டம் பொலம்புற. படத்துலதான் இருக்குல்ல? படம் என்ன பொய்யா சொல்லும்? நான் அந்த எஞ்சினுக்கு அடியில படுத்தே கெடந்தவன், எனக்கு மேல் பக்கம் எதுவும் ஞாவகம் இல்ல." அவனுக்குப் பெட்டி ஒரு பெட்டிதான். ஆனால் சிங்கராயர் பதினேழு வருஷம் மத்தியானச் சோறு தின்றது அதன் மேல் உட்கார்ந்து. ஆலைக்குள் எஞ்சினைத் திருப்ப வழி கிடையாது. அதன் மூக்கு என்றைக்கும் சூளையைப் பார்த்துத்தான் இருக்கும். அப்போது அதன் வலது கைப் பக்கம் திறந்த வெளி, தூரத்தில் மெயின் கேட்டு. இடது கைப் பக்கம் குடோன் சுவர், மூன்று எட்டு தள்ளி, வெறும் சுவர். பெட்டி மேல் உட்கார்ந்தால் கேட்டு தெரியும். தெரியும் என்பதால்தான் அன்றைக்கு, ரஷீத் பாய் டிபன் மூடியில் அவருக்குக் குஸ்கா எடுத்து வைத்துக்கொண்டிருந்த அந்தப் பகலில், வாட்ச்மேன் சோலை கேட்டிலிருந்து ஓடி வருவது தெரிந்தது. முதலில் காக்கியாய் ஒரு புள்ளி. தண்டவாளத்தைத் தாண்டித் தாண்டி வந்தது புள்ளி. தொப்பி கீழே விழுந்தது, எடுக்கவில்லை. தொப்பியை எடுக்காமல் ஓடி வருகிறானே என்றதும் இவர் கை டிபன் மூடி மேலேயே நின்றுவிட்டது. ரெஜினா மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். "பாய், என்னமோ ஆயிருச்சு" என்று மட்டும் சொன்னார். "சோத்தப் பாரு ராயரே, கெட்டது வந்தா நடந்து வரும், நல்லதுதான் இப்படி ஓடியாரும்" என்றார் பாய். பாதித் தூரத்திலிருந்தே சோலை கத்தினான்: "பொம்பளப் புள்ள! ரெண்டு பேரும் சொகம்!" பாய் ஒரே தாவில் கேபினுக்குள் ஏறி ஹார்னைப் பிடித்து இழுத்தார், மேனேஜர் பங்களாவுக்கு எதிரே ஹார்ன் அடிக்கக் கூடாதென்று போர்டு இருக்க, அது பாட்டுக்கு அலறியது, மெமோ வரும் வரைக்கும் அலறியது. சிங்கராயர் மடியில் குஸ்கா கொட்டிக் கிடந்தது. ஷீபா பிறந்த நாள் என்று அவருக்குள் இருப்பது அந்த ஒரு காட்சிதான், காக்கிப் புள்ளி பெரிதாகிக்கொண்டே வருவது. பெட்டி இடது பக்கம் என்றால் அதன் மேல் உட்கார்ந்திருந்தவனுக்கு எதிரே குடோன் சுவர். சோலை ஓடி வரவில்லை. யாரும் ஓடி வரவில்லை. நானாக எதையோ சேர்த்துக்கட்டிக்கொண்டு முப்பது வருஷமாக அதை ஞாபகம் என்று சொல்லி வந்திருக்கிறேன். அப்பா ஒரே பக்கத்தில் பன்னிரண்டையும் எழுதினாரே, அந்த மாதிரி, நடுங்காமல்.

மெஷின் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. ரெஜினா கழுத்தில் இஞ்ச் டேப்போடு, இரண்டு டம்ளர் டீயோடு நின்றாள். "மூணு தடவ கூப்ட்டாச்சு. எஞ்சின் சத்தத்துல கேக்கலயாக்கும்" என்று ஒரு டம்ளரை மேஜையில் இடம் பார்த்து வைத்தாள். அவர் அவசரமாக அட்டையைக் கவிழ்த்தார். அவள் கண்ணுக்கு அது தப்புமா? துணியில் அரை நூல் பிசகினால் மூன்றடி தள்ளியிருந்து சொல்கிறவள். அட்டையை எடுத்து நிமிர்த்திப் பார்த்தாள். ஏழு கடிகாரத்தையும் எண்ணினாள் என்று உதட்டிலிருந்து தெரிந்தது. "டாக்டர் கேட்டா போடறதுக்கா?" அவர் பசைக் குப்பியை மூடினார். "பிட்டு அடிக்கிற வயசாங்க இது" என்றாள், ஆனால் குரலில் சிரிப்பு வரும்போது பாதியில் எதிலோ மாட்டிக்கொண்டது. அட்டையை இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள். அதன் பிறகு பார்க்க எதுவும் இல்லாதவள் மாதிரிச் சுவரைப் பார்த்தாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கினாள். படத்துக்குப் பக்கத்தில் போனாள். "இது ஆயுத பூஜைப் படம்தானே? ஆலையில துணி குடுத்தாங்களே, ஊதா கோடு போட்டது?" "ஆமா." "மூணு பேருக்கும் நான்தான் தச்சேன்." "ஆமா, நீதான்." "பாய்க்கு வயித்துக்காக முன்னாடி ரெண்டு இஞ்ச் கூட விட்டு வெட்டுனேன். ஒங்களுக்குத் தோள்பட்ட எறக்கம்." அவள் விரல் படத்தின் மேல் போய் பாயின் மார்பில் நின்றது, இவர் மார்புக்கு வந்தது, கருத்தபாண்டியின் மார்புக்குப் போனது, திரும்பியது. "இதென்ன கூத்து?" என்றாள். "மூணு சட்டைக்கும் பையி வலது பக்கம் இருக்கு."

சிங்கராயர் படத்தைப் பார்த்தார். ஆறு மாதமாகப் பார்க்கிற படம். அதில் சட்டைகள் இருக்கின்றன என்பதே இப்போதுதான் தெரிந்தது. "பட்டன் பட்டியும் பாருங்க, பொம்பளங்க சட்டையாட்டம் மாறிப் போயிருக்கு" என்றாள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அப்ப உனக்குப் புதுசுதானே ரெஜினா. அதுக்கு முன்னாடி ஜாக்கெட்தான தச்சுக்கிட்டிருந்த. பழக்கத்துல கை மாறிப் போயிருக்கும்." சொன்ன பிறகுதான் தெரிந்தது, எவ்வளவு பெரிய வார்த்தையைச் சொல்லிவிட்டோம் என்று. ரெஜினா திரும்பினாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். "நானா? ஒன்னு மாறலாம். மூணு சட்டையா மாறும்? போட்டுக்கிட்டுப் போன மூணு ஆம்பளைங்களும் சொல்லாம விட்டிருப்பாங்களா, அதுவும் கருத்தபாண்டியண்ணே? மூணு தெருவுக்குக் கேக்குற மாதிரி சிரிச்சிருக்க மாட்டாரு? அந்தச் சட்டை ஒவ்வொன்னும் என் கையில இருக்குங்க. இப்ப இருட்டுல குடுத்தாலும் தைப்பேன். நான் தப்பாத் தைக்கல. படம்தான் தப்பு." அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். என் கை, அந்தப் படம், இரண்டும் ஒத்துப்போகவில்லை, ஆகவே படம் தப்பு. அவளுக்கு ஒரு விநாடி கூட ஆகவில்லை. இவருக்கு ஆறு மாதம் ஆகியும் அந்த வாக்கியம் ஒரு தடவை கூட இந்த வரிசையில் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஆகவே நான் தப்பு என்றுதான் போய் முடிந்தது. படம் தப்பு. படம் எப்படித் தப்பாகும்? "கண்ணாடியில பாக்குற மாதிரி இருக்கு" என்றாள் அவள், டீயை உறிஞ்சிக்கொண்டே, தன் சட்டைகளின் மானம் காப்பாற்றப்பட்ட நிம்மதியில். அந்த நொடியில் பாயின் கடிகாரம் வலது கையிலிருந்து இடது கைக்கு ஒரே தாவாகத் தாவியது.

அவர் எழுந்தார். முழங்கால் மேஜையில் இடித்தது, டீ தளும்பியது, பதினொன்று ஓர் அங்குலம் தானாக உருண்டது. குளியலறைச் சுவரில் தொங்கிய சவரக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து படத்துக்கு எதிரே பிடித்தார். கை நடுங்கியது, நடுங்கட்டும். கண்ணாடிக்குள் எஞ்சின் மூக்கைத் திருப்பிக்கொண்டு நின்றது. 11 அப்படியே 11. இந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் இரண்டு நேர்கோடு, அதுதான் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் ஏமாற்றியது. ஏழோ இரண்டோ ஆக இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். மற்ற எழுத்தெல்லாம் சாமந்திக்குள். பாயின் இடது மணிக்கட்டில் இரும்புப் பட்டைக் கடிகாரம். சட்டைப் பைகள் இதயத்துக்கு மேல். பாயின் இடுப்புக்குப் பின்னால், வலது பக்கத்து நடைபலகை மேல், கொண்டி தொங்க, பெட்டி. பிலிமை எந்தப் பக்கம் வைத்து ஸ்கேன் போட வேண்டும் என்று கருத்தபாண்டியின் மகனுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? அவன் பிலிமைக் கையில் எடுத்ததே அதுதான் முதல் தடவையாக இருக்கும். பிலிம் பட்டையைத் தலைகீழ்ப் பக்கமாகப் புரட்டி வைத்துவிட்டான். அவ்வளவுதான், ஒரு பகல் முழுக்கப் புரண்டுவிட்டது. சிங்கராயர் கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்தார். ஓரத்தில் கொடியோடு நின்ற இளைஞன் வந்தான். வகிடு மாறி, வாய் ஒரு பக்கமாகக் கோணி, யாரோ தெரிந்தவன் மாதிரி இருந்தான். மற்றவர்கள் பார்க்கிற சிங்கராயர். இத்தனை நாள் அந்தப் படத்தில் தன்னைப் போலவே இருந்தது எதனால் என்று இப்போது தெரிந்தது. அது கண்ணாடி முகம். அந்நியன் மாதிரி இருக்கிற இவன்தான் நிஜம். நல்லது, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். நெஞ்சுக்குள் எங்கேயோ வரிசையாக இறுகிக் கிடந்த கொக்கிகள் ஒவ்வொன்றாகக் கழன்று, வேகன்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி, இடம் விட்டு நின்றன. உட்கார்ந்துவிட்டார். சிரிப்பா, வேறு ஏதாவதா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது.

"என்னங்க? என்ன ஆச்சு?" என்று ரெஜினா டம்ளரை வைத்துவிட்டுத் தோளைப் பிடித்தாள். "சோலை ஓடி வந்தான் ரெஜினா" என்றார். "எந்தச் சோலை?" "வாட்ச்மேன். ஷீபா பொறந்தன்னைக்கு. தொப்பி விழுந்துச்சு, எடுக்கல." "அதான் ஆயிரம் தடவ சொல்லியாச்சே" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, எதுவோ புரிந்தும் புரியாமலும், "ஓடி வராம பின்ன? நான் அங்க உயிரக் குடுத்துப் பெத்து வச்சிருக்கேன்" என்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவும் ஒரு பெட்டிக்குத்தான், அவருக்கே தெரியும். ஸ்கூட்டர் மார்க்கெட்டில் நின்றது நின்றதுதான். அதை எந்தக் கண்ணாடியில் காட்டினாலும் திருப்ப முடியாது. அவளும் அதைத்தான் நினைத்தாளோ என்னவோ, "நாளைக்குப் போறது போறதுதான். புள்ள நேரம் வாங்கி வச்சிருக்கா" என்றாள். "போவோம்." "கடிகாரம் கேட்டா?" "கேட்டா போடறேன். எப்படி வருதோ அப்படி." சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னது தான்தானா என்று ஒரு கணம் பார்த்தார். தான்தான். அட்டையை எடுத்து நான்காகக் கிழித்து மேஜைக்கடியில் போட்டார். கருத்தபாண்டிக்கு இன்றைக்குச் சொல்ல வேண்டாம். நாளை மதுரையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கூப்பிட்டு, உன் மகன் என்னை ஆறு மாசம் பைத்தியக்காரனா ஆக்கிட்டான்யா என்று வாயார நாலு வார்த்தை திட்ட வேண்டும்.

பதினொன்றை விளக்குக்குக் கீழே நிறுத்தினார். இடது பக்கத்துப் பெட்டி நன்றாகப் பிடித்திருந்தது, பசை அந்த விஷயத்தில் குறை வைக்கவில்லை. பிளேடை அடியில் கொடுத்து நெம்பினால் மஞ்சள் பெயிண்டும் கூடவே வரும், நடைபலகை கீறும், மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலையில் ஒன்றரையாவது போகும். அவருக்கு அதில் ஒரு அவசரமான சந்தோஷம் இருந்தது. "இவ்வளவு கஷ்டப்பட்டு ஒட்டினத ஒடைக்கவா போறீங்க?" என்று ரெஜினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். "ஒடைக்கத்தான். தச்சத பிரிக்கிறதில்லையா நீ?" "நான் தப்பாத் தச்சாத்தான பிரிப்பேன்" என்றாள் விட்டுக்கொடுக்காமல். பிளேடு நுழைந்தது. சின்ன, காய்ந்த, வேர்க்கடலைத் தோடு உடைகிற சத்தம். பெட்டி துள்ளிப் போய் டீ டம்ளருக்கு அந்தப் பக்கம் விழுந்தது. முழுசாகத்தான் இருந்தது, கொண்டிகூடப் போகவில்லை. "அந்தச் சாமணத்த எடு" என்று, பேரைத் தேடாமலே சொல்லி, கையை நீட்டினார். அவள் எடுத்துக் கொடுத்தாள். கொண்டியைப் பிடித்துத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்த மஞ்சளைச் சுரண்டி, எஞ்சினைச் சுற்றித் திருப்பி, பொட்டுப் பசை வைத்து, வலது பக்கத்து நடைபலகை மேல் இறக்கினார். படத்தைப் பார்க்கவில்லை. விரல் அழுத்தியது. ஒன்று, இரண்டு. ரெஜினா மெஷினுக்குத் திரும்பிப் போனாள், பெடல் ஓடி, நின்று, ஓடியது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு, தடுக்காமல் முப்பது வரை. டப்பாவில் ஒரு மாதமாகக் காத்திருந்த ஆளை எடுத்தார், உட்கார்ந்த நிலையில் செய்த ஆள், அரை விரல்கடைகூட இல்லை, மடியில் புள்ளி அளவு ஒரு டிபன் மூடி. பெட்டி மேல் உட்கார வைத்தார். கால் தொங்கியது. பிறகு தலையைத் தாழ்த்தி, கன்னத்தை மேஜையில் பதித்து, அந்த ஆளின் கண் மட்டத்திலிருந்து அவன் பார்க்கிற திசையில் பார்த்தார். மேஜை விளிம்பு வரைக்கும் திறந்த வெளி. அந்தக் கடைசியில், சாயங்கால வெளிச்சத்தில், காக்கியாய் ஒரு புள்ளி.